தாழ்ந்த குரலில் சொன்ன சொல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் சிறப்பாசிரியர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஏதாவது என்றால் எதைப் பற்றி என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தலைப்பு கொடுத்திருப்பார்கள். தலைப்பு கொடுத்தால் படிவம் நிரப்புவதுபோல நிரப்பிவிடுவேன். ஓய்வு பெறும்வரை நிரப்பியதே போதும்.

உங்களில் ஒரு பெண் போன வாரம் என்னைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு ஓடி வந்து கேட்டாள். "மேடம், ஆட்டிசம் இருக்குற குழந்தைகிட்ட, உனக்கு இது இருக்குதுன்னு எந்த வயசுல சொல்லணும்?" அதற்குள் திருவண்ணாமலை பஸ் வந்துவிட்டது. அப்புறம் சொல்கிறேன் என்று ஏறிக்கொண்டேன். உண்மையில் பஸ் வந்ததில் எனக்கு நிம்மதிதான். எந்த வயதில் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமலே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதைச் செய்தவள் நான்.

அந்தப் பெண்ணுக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. கடைக்காரரின் மகள் ஹரிணிக்கு அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வாரத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுக்க நான் அந்த வீட்டுக்குப் போவேன். ஹரிணி பேசுவாள், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் வராது. ஸ்க்ரூவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே அளவு சொல்வாள். ஒரு நாள்கூடத் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக் கொடுத்தவர் அவளுடைய பெரியப்பா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், தம்பி குடும்பத்தோடே இருந்தவர். கலந்துபோன ஆணி, ஸ்க்ரூ, வாஷரையெல்லாம் ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு இரண்டு பேரும் மணிக்கணக்கில் பிரித்துக்கொண்டிருப்பார்களாம். நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் கேன்சரில் போய்விட்டார். நான் போனபோது தட்டும் ஹரிணியும் மட்டும் இருந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் நடந்த மருத்துவ முகாமுக்கு அவளை அழைத்துப் போனோம். டாக்டர்கள் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நம் படிவத்தில் அதற்கு ஒரு நீளமான தமிழ்ப் பெயர் இருக்கிறதே, அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை எழுந்து போய்விடும். நாங்கள் எல்லாரும் ஆட்டிசம் என்றே சொன்னோம். முகாமில் மட்டும்தான் சொன்னோம். வீடு திரும்பியதும் கடைக்காரர் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒரு ஒத்தாச பண்ணுங்க. அந்தப் பேரு இந்த வூட்ல வேணாம். முன்னாடி கடை இருக்குது. ஒருத்தர் காதுல வுழுந்தா நாளைக்கு கடத்தெரு பூரா பேசும். பொண்ணுகிட்டயும் சொல்லிடாதீங்க. அது பாட்டுக்கு வெள்ளாடிக்கிட்டு இருக்குது."

"சரிங்க, சொல்லமாட்டேன்" என்றேன்.

அவர் மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பிக்கலாம். ஆனால் உண்மை என்னவென்றால் எனக்கும் அது வசதியாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டுக்கொண்டதால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கூடத்தில் ஹரிணி தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் அவள் அம்மா சுமதியும் பேசிக்கொண்டிருப்போம். பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் சாதாரணக் குரலில். "அது" வரும்போது மட்டும் ஃபைலை மூடுவேன், குரலை இறக்குவேன். சுமதி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க ரேஷன் கார்டு நகல் வேண்டும் என்று கேட்டபோதும் காதோடு காதாகத்தான் கேட்டேன். இரண்டடி தூரத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அது நம்மைப் பார்க்கவில்லையே, ஸ்க்ரூவைத்தானே பார்க்கிறது என்று நினைப்பு. நம் தொழிலில் எல்லாரும் ஒரு முறையாவது இந்தத் தப்பைச் செய்வார்கள். பார்க்காத பிள்ளைக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்வோம். ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிற நானே நினைத்தேன்.

கொஞ்ச நாளில் ஹரிணி ஒரு புது வேலை ஆரம்பித்தாள். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அவள் பெயரை வெட்டி வைத்திருந்தார்கள். அதை ஒரு ஆணியால் சுரண்டினாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பையில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் கிழித்தாள். அதற்கடுத்த வாரம் நோட்டு அட்டைகள். பெயர் இருந்த இடம் ஒன்றைக்கூட விடவில்லை. சுமதி அடித்தும் பார்த்துவிட்டாள். நிற்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நட்சத்திர அட்டை போட்டேன். ஒரு நாள் சுரண்டாமல் இருந்தால் ஒரு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால் கடையிலிருந்து ஒரு புதுக் கீல். ஏன் சுரண்டுகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. ஹரிணி ஐந்து நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கீலை வாங்கிக்கொண்டாள். ஆறாம் நாள் மறுபடி சுரண்ட ஆரம்பித்தாள். ஒப்பந்தப்படி சரியாக நடந்துகொண்டது அவள்தான்.

அந்தச் சமயத்தில் நான் வேலை பார்த்த சிறப்புப் பயிற்சி மையத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் புதிதாக வந்திருந்தாள். படிப்பு முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். ஹரிணி நுனிக்காலில் நடப்பதைப் பார்க்கட்டும் என்று ஒரு தடவை கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். சிக்னல் எதுவும் இல்லாத இடத்தில் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க அந்தப் பேச்சு வந்தா கொரல எறக்குறீங்க. நீங்க எறக்குன ஒடனே அந்தப் பொண்ணு கை நின்னுடுது. நீங்க ஏத்துனப்புறம்தான் மறுபடி பொறுக்குது. மூணு வாட்டி பார்த்தேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்தவள், எனக்குச் சொல்லிக் கொடுக்க வந்துவிட்டாள் என்று மனசுக்குள் திட்டினேன். வெளியே, "வெயில்ல எதுக்கு நிக்கிற, வண்டிய எடு" என்றேன். மையம் வரும்வரை பேசவில்லை. இவ்வளவு அற்பமாக நடந்துகொண்டேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் அடுத்த வாரம் போனபோது ஓரக்கண்ணால் கவனித்தேன். சுமதியிடம் பேச்சுவாக்கில் குரலை இறக்கினேன். தட்டில் சலசலத்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. குரலை ஏற்றினேன், மறுபடி பொறுக்க ஆரம்பித்தது.

சுமதி உலையைப் பார்க்க உள்ளே போனாள். ஹரிணி தலையைத் தூக்காமலே கூப்பிட்டாள்.

"டீச்சர்."

"சொல்லு கண்ணு."

"ரேஷன் கார்டுல என் பேர எடுத்துட்டாங்களா?"

"ஏன் எடுக்கணும்? யாரும் எடுக்கல."

"பெரியப்பாவுக்கு எடுத்தாங்க." ஒரு வாஷரை எடுத்துத் தரையில் வைத்தாள். "மொதல்ல அவருக்கு மெதுவா பேசுனாங்க." இன்னொரு வாஷர். "அப்புறம் ஆஸ்பத்திரி போனாரு. அப்புறம் செத்துட்டாரு. அப்புறம் ரேஷன் கார்ட எடுத்துட்டுப் போயி பேர எடுத்துட்டாங்க." நான்கு வாஷர்கள் வரிசையாக இருந்தன. கீழே இன்னொரு வரிசை ஆரம்பித்தாள். "எனக்கு மெதுவா பேசுறீங்க. ஆஸ்பத்திரி போனோம். நீங்க ரேஷன் கார்டு கேட்டீங்க." மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டு நான்காவதை வைத்தாள். "நடுவுல ஒண்ணுதான் பாக்கி. அது எப்போ டீச்சர்?"

அவள் குரலில் அழுகை இல்லை. பஸ் எப்போது என்று கேட்கிற குரல். பெயரை அதற்காகத்தான் சுரண்டியிருக்கிறாள். போகிறவர்களின் பெயரை எடுத்துவிடுவது வழக்கம் என்று புரிந்துகொண்டு, அவளால் முடிந்ததை அவளே செய்திருக்கிறாள். இத்தனை வாரமாக அந்தப் பிள்ளை தன் சாவுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்கு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். அப்போதும் குரலை இறக்கித்தான் சொன்னேன். பழக்கதோஷம்.

"பெரியப்பாவுக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க" என்றாள் ஹரிணி.

இந்த இடத்தில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொல்லமாட்டேன் என்று அவள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முறைப்படி என்றால் மையத்தில் சொல்லி, உளவியலாளரிடம் நாள் வாங்கி, பெற்றோருக்கு ஆலோசனை கொடுத்து, அதன் பிறகுதான் பிள்ளையிடம் பேச வேண்டும். அதற்கு எப்படியும் ஒரு மாதம் ஆகும். முறை தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் அவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொய் சொல்லவும் வழியில்லை. அந்த வீட்டில் பொய்க்கு என்ன குரல் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஹரிணி, நீ சாவப்போறதில்ல. ஒனக்கு இருக்குறது வேற. இப்பவே சொல்றேன். உங்க நைனாவும் இருக்கணும். வா, ரெண்டு பேரும் போயி கூப்டுவோம்" என்றேன். அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போய் அவள் அப்பாவிடம் பேசினால் அது இன்னொரு ரகசியம் ஆகிவிடும். அதனால்தான் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு நான் யோசித்துச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கடையில் சிங்கவரத்து விவசாயி ஒருவர் மோட்டார் கொட்டகைக்குப் பைப் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் கையில் பைப் துண்டு. நான் குரலை இறக்காமல் சொன்னேன்.

"ஹரிணி, தான் சாவப்போறதா நெனச்சிக்கிட்டு இருக்குது. நாம மெதுவா மெதுவா பேசுனதாலதான். நான் கொடுத்த வாக்க திருப்பி எடுத்துக்கறேன். இப்பவே பேசணும், உள்ள வாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மகளைப் பார்த்தார், வாடிக்கையாளரைப் பார்த்தார். அந்த விவசாயி பைப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ உள்ள போ சாமி. கடைய நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவரை நினைக்கும்போதெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

உள்ளே நான்கு பேரும் தரையில் உட்கார்ந்தோம். சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் அழ ஆரம்பித்தவளைக் கடைக்காரர்தான் கையைப் பிடித்து அடக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"ஹரிணி, ஒனக்கு ஆட்டிசம் இருக்குது" என்றேன். "அதைத்தான் நாங்க இத்தன நாளா மெதுவா சொன்னோம். அது சாவுற நோய் இல்ல. நோயே இல்ல. நீ பொறக்கும்போதே ஒன்கூட பொறந்தது."

"எங்க இருக்குது?"

"ஒன் மூள வேல செய்யுற விதத்துல இருக்குது."

"ஆபரேசன் பண்ணி எடுப்பாங்களா?"

"எடுக்கமாட்டாங்க. எடுக்க வேண்டியதும் இல்ல."

"முடி கொட்டுமா?"

பெரியப்பாவுக்குக் கொட்டியிருக்கிறது. "கொட்டாது" என்று சுமதி முந்திக்கொண்டு சொன்னாள்.

"அப்போ அது என்னா பண்ணும்?"

இங்கேதான் புத்தகத்தில் படித்ததெல்லாம் எனக்குக் கைகொடுக்கவில்லை. அவள் தட்டுதான் கைகொடுத்தது. "மிக்ஸி ஓடுனா ஒனக்குக் காது வலிக்குது இல்ல, எங்களுக்கு அவ்ளோ வலிக்காது. ஒனக்கு வலிக்குறது அதாலதான். ரெண்டு பேரு ஒண்ணா பேசுனா ஒனக்கு எல்லாம் கலந்த ஆணி மாதிரி ஆயிடுது இல்ல, அதுவும் அதாலதான். ஒண்ணொண்ணா வந்தா நீ பிரிச்சிடுவ. நாங்கதான் ஒண்ணா கொட்டிட்டு, ஏன் பேசலன்னு ஒன்ன திட்டிக்கிட்டு இருந்தோம்."

"ஸ்க்ரூ அளவு தெரியுறது?"

"அதுல கொஞ்சம் அது. மீதி, நீ ஆசப்பட்டு உக்காந்து கத்துக்கிட்டது."

அவள் அதை ஒப்புக்கொண்டாள். "இது எப்போ போவும்?"

"போவாது. நீ பெரிய பொண்ணானாலும் இருக்கும். சிலது கஷ்டமாத்தான் இருக்கும். அப்ப நாங்க கூட இருப்போம்."

போகாது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அதை யாரும் அதுவரை அப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஹரிணிக்கு மட்டும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு வேறொரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"நைனா, நீ சொல்லு" என்றாள்.

"இன்னாம்மா சொல்லணும்?"

"அந்தப் பேர."

அவர் சொன்னார். தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

"மெதுவா சொல்லாத."

வெளியே கடையில் ஆள் நிற்கிறார். தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. மகள் கேட்டது அவரை. மெதுவாகச் சொன்னால் சாவு, சத்தமாகச் சொன்னால் சாவு இல்லை. அவள் கணக்கு அவ்வளவுதான் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. பரண்மேல் ஏறியிருக்கும் ஆளுக்குச் சாமான் பெயர் சொல்லுகிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"எம் பொண்ணு ஹரிணிக்கு ஆட்டிசம் இருக்குது."

ஹரிணி தரையில் இருந்த வாஷர்களை ஒன்றாக அள்ளித் தட்டில் போட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"பெரியப்பாகிட்ட ஏன் சத்தமா சொல்லல?" என்று கேட்டாள்.

கடைக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பயந்துட்டோம்மா. சொன்னா தாங்கமாட்டாருன்னு நெனச்சோம்."

"அவருக்குத் தெரியும். எங்கிட்ட சொன்னாரு. ஆணி பிரிக்கும்போது சொன்னாரு. எனக்குக் கேன்சர், எனக்குத் தெரியும்னு நைனாவுக்குத் தெரியாது, தெரிஞ்சா அவன் பயந்துக்குவான், சொல்லிடாதன்னாரு."

அந்த மனிதர் அன்று அழுத அழுகையை நான் என் வேலையில் வேறெங்கும் பார்த்ததில்லை. அண்ணன் கடைசி வரைக்கும் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாமல் போய்விட்டாரே என்று அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. "ஒங்கிட்டயாவது சொன்னாரே, ஒங்கிட்டயாவது சொன்னாரே" என்று மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஹரிணிக்குத் தொட்டால் பிடிக்காது. அன்று அவள் பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் கடைக்குத் திரும்பியபோது நானும் பின்னாலேயே போனேன். விவசாயிக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவர் கையில் இருந்த எல்போ என்கிற வளைவுத் துண்டைத் தூக்கிக் காட்டி, "இது ஒண்ணரை இஞ்சா, ரெண்டா?" என்றார். கடைத்தெரு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் முதல் வேலையாக அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போய், நீ சொன்னது சரி, நான் முறைத்துக்கொண்டது தப்பு என்றேன். "நீங்க மொறச்சீங்களா? வெயிலுக்குன்னு நெனச்சேன்" என்று சிரித்தாள். பெருந்தன்மையான பொய். அவள் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியிருந்தால் ஹரிணி இன்னும் எத்தனை மாதம் காத்திருப்பாளோ. வேலைக்குப் புதியவர்கள் நீங்கள், பெரியவர்களுக்கு எதிரே எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். தயவுசெய்து சொல்லுங்கள். நாங்கள் முறைப்போம். பரவாயில்லை, சொல்லுங்கள்.

ஹரிணிக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளிடம் நான் இதைப் பேசியிருக்கிறேன். ஒருவரிடமும் அவளிடம் பேசியதைப் போலவே பேசியதில்லை. சிலரிடம் ஆறு வயதிலேயே பேசினேன், சிலரிடம் படம் வரைந்து காட்டினேன், பேச்சே வராத ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் எதிரிலேயே அதன் அம்மாவிடம் நேராகப் பேசினேன். ஆனால் யார் வீட்டிலும் அதற்குப் பிறகு ஃபைலை மூடவில்லை. அவள் அன்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் ஓய்வு பெறும்வரை நட்சத்திரம்தான் ஒட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க அந்தக் கடைக்குப் போனேன். அப்பா பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஹரிணி கடையில் நின்றாள். அவலூர்பேட்டையில் வீடு கட்டுகிறவராம், ஒருவர் வந்து பத்துச் சாமானை ஒரே மூச்சில் அடுக்கினார். அவள் அசையாமல் நின்றாள். அவர் குரலை உயர்த்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் குறுக்கே பேச வாயெடுத்துவிட்டேன். அதற்குள் அவள், சாமான் எந்தப் பலகையில் இருக்கிறது என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

"அண்ணா, எனக்கு ஆட்டிசம் இருக்குது. ஒண்ணொண்ணா சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.